இடது பக்கம், நீலக் கயிறு

நகராட்சி அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாவம், சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. ஊருக்கெல்லாம் அவள் ரசீதம்மா. குப்பை வண்டி வரவில்லை என்று சொன்னாலும் ரசீது கொடுப்பாள். வந்த வண்டி குப்பையை எடுக்காமல் போய்விட்டது என்றாலும் கொடுப்பாள். வண்டி வந்தது, எடுத்தது, ஆனால் டிரைவர் முறைத்தார் என்றாலும் கொடுப்பாள். காரியம் நடக்குமா என்று மட்டும் கேட்கக் கூடாது.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"பத்திரமா வச்சுக்குங்க," என்பாள். பத்தொன்பது வருஷமாக இதே பதில்தான். யாரும் பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை. ஜன்னலுக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. ரசீதுகள் அந்தப் பத்தடியைத் தாண்டுவது அபூர்வம்.

வீட்டிலும் அம்மாள் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கணவர், சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதென்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், தையல்காரர், வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், அதனால் அதிகம் பேசுகிற பழக்கமில்லை. அன்றைக்கென்று ஊசியை எடுத்துவிட்டுப் பேசினார். உடனே ஒரு சீட்டு வந்தது: "மனு எண் 1. தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது." அதைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் குத்தி வைத்திருக்கிறார். இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது.

அவளிடம் இரண்டு பெரிய நோட்டுகள் உண்டு. குப்பைக்குப் பச்சை அட்டை, சேதத்துக்குச் சிவப்பு அட்டை. பச்சையில் எழுதியது சிவப்புக்குப் போகாது, சிவப்பில் இருப்பது பச்சைக்குத் தெரியாது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஜனங்கள் அழுதுகொண்டே சொல்வதை அவள் அலுவலகத் தமிழுக்கு மாற்றி எழுதிவிடுவாள். "கூரை பிச்சுக்கிட்டுப் போயிருச்சும்மா" என்று ஒருவர் சொன்னால் "மேற்கூரை பகுதியளவு இடம்பெயர்ந்தது" என்று எழுதுவாள். நேரில் போய்ப் பார்த்ததில்லை. "மனு வாங்கறது என் வேலை. போய்ப் பாக்கறது பொறியாளர் வேலை," என்பாள். பொறியாளரோ, மனுவில் தெளிவாக எழுதியிருக்கும்போது எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பார். இப்படி இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிம்மதிக்குப் புயல் வந்து வேட்டு வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் ஊரில் பாதிக் கூரைகள் பக்கத்து வீடுகளுக்கு விருந்தாளியாகப் போய்விட்டன. திங்கள் முதல் வியாழன் வரை மூன்றாம் எண் ஜன்னலில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கூரை போனதென்று மட்டும் நூற்று நாற்பத்து மூன்று மனுக்கள். இது போதாதென்று குப்பைப் புகார் வேறு. வண்டி தினமும் வருகிறதாம், வாசலில் மெதுவாகிறதாம், டிரைவர் எட்டிப் பார்க்கிறாராம், ஒன்றையும் தொடாமல் போய்விடுகிறாராம். ரசீதம்மா பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவர் மேல் புகாராக எழுதித் தள்ளினாள்.

வியாழன் மாலை பொறியாளர் ஜன்னலுக்கு வந்தார். மேலிடத்திலிருந்து ஒரு லாரியில் நூற்று அறுபது தார்ப்பாய்கள் வந்து இறங்காமல் நின்றுகொண்டிருந்தன.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள பட்டியல் என் மேஜைல இருக்கணும்மா. மனு குடுத்த வீட்டுக்குத்தான் தார்ப்பாய். நாலு தாண்டுச்சுன்னா லாரி பக்கத்து ஊருக்குப் போயிரும், சொல்லிட்டேன். சாயங்காலம் பெரிய மழை இருக்குன்னு வேற சொல்றாங்க."

"அதுக்கென்ன சார், எல்லாம் வரிசையா இருக்கு," என்றாள்.

வரிசையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலுவலகத்துக்கு வந்து அலமாரியைத் திறந்தால், வரிசையாக நனைந்து இருந்தது. எங்கள் கூரை ஒழுகுகிறது என்று ஊரார் எழுதிக் கொடுத்த மனுக்களின் மேல், நகராட்சிக் கூரை இரவெல்லாம் ஒழுகியிருக்கிறது. அதற்கு யார் மனு கொடுப்பது?

ரசீதம்மா அசரவில்லை. வெயிலில் அரைமணி நேரம் காயவைத்தால் தீர்ந்தது. மனுக்கள், சிவப்பு நோட்டு, ரசீது அடிக்கட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டினாள். கைக்கு அகப்பட்ட கயிற்றால் கட்டினாள். வெளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வலது பக்கம் மதில் நிழல் விழுந்திருந்ததால் இடது பக்கம் வெயிலில் வைத்தாள். காகிதங்களைப் பரப்பினால் பறக்குமே என்று பாரம் வைக்க நாலு கல் தேடி உள்ளே போனாள்.

கல்லோடு திரும்பி வந்தபோது இடது பக்கம் வெயில் மட்டும் இருந்தது.

தெருமுனையில் குப்பை வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது கடைசியாக ஓடியவள், கையிலிருந்த கற்களைக்கூடக் கீழே போடாமல் ஓடினாள். கல்லும் கையுமாக ஒரு பெண்மணி துரத்தி வந்தால் எந்த டிரைவர்தான் நிறுத்தமாட்டார்?

"அந்த மூட்டையை எடுத்தீங்களா?" மூச்சு வாங்கியது.

டிரைவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒன்பது முறை யோசிக்கிற ஆள். "இடது பக்கம் இருந்துச்சு," என்றார்.

"ஆமா."

"நீலக் கயிறு கட்டியிருந்துச்சு."

"ஆமா, அதுக்காக..."

"ஏழு மணிக்குள்ள வெளிய வச்சிருந்துச்சு. எடுத்துட்டோம்."

வண்டியின் பின்பக்கம் எப்போதும் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டே வரும் ஆளுக்குத் தொங்கல் என்று பெயர். அவர் அங்கிருந்தே பெருமையாகச் சொன்னார்: "ஒரு வாரத்துல மொதல் மூட்டை மேடம். ஊர்லயே ஒழுங்கா கட்டி வச்சது நம்ம ஆபீஸ் ஒண்ணுதான்."

ரசீதம்மா கையிலிருந்த கற்களை அப்போதுதான் கீழே போட்டாள். ஏனென்றால் அந்தச் சட்டத்தை எழுதியவளே அவள்தான். புயலுக்கு மூன்று நாள் முன்பு நோட்டீஸ் ஒன்று எழுதி மூவாயிரம் பிரதி அச்சடிக்க வைத்திருந்தாள். "குப்பையை நீலக் கயிற்றால் கட்டி, வாசலின் இடப்புறம், காலை ஏழு மணிக்குள் வைக்கவும். மற்றவை எடுக்கப்படமாட்டா." வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லிக் குப்பை வண்டிக்கு அனுப்பியிருந்தாள்.

"அந்த நோட்டீஸை வீட்டுக்கு வீடு குடுத்தீங்களா இல்லையா?"

டிரைவர் தன் பக்கத்து இருக்கையைக் காட்டினார். மூவாயிரமும் அங்கே அடுக்காக இருந்தது. மேலே ஒரு துண்டு விரித்திருந்தது. "எங்களுக்குன்னுதான் நெனச்சோம். ரெண்டு பேரும் படிச்சோம். அதுப்படிதான் நடக்குறோம்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு மூவாயிரம் அனுப்பப் போறோம்?"

"ஆபீஸ்ல எதைத்தான் கணக்காக் குடுத்தாங்க," என்றார் தொங்கல். "போன வருஷம் ஒரே ஒரு கையுறை குடுத்தாங்க."

ஆக, ஊருக்குச் சட்டம் தெரியாது. வண்டிக்குச் சட்டம் தெரியும். புயலடித்த ஊரின் குப்பை முழுவதையும் எட்டிப் பார்த்துவிட்டு, கயிறு இல்லை, கயிறு இல்லை என்று காலி வண்டியாகத் திரும்பியிருக்கிறார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அம்மாள் மூவாயிரம் பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சரி, பின்னால ஏறி அதை எடுத்துக் குடுங்க."

"அமுக்கிருச்சு," என்றார் டிரைவர். உள்ளே போட்டதும் இரும்புப் பலகை இறங்கி நசுக்கிப் பின்னுக்குத் தள்ளிவிடுமாம். குப்பைக் கிடங்கில் கொட்டினால்தான் வெளியே வரும். கிடங்கிலோ வண்டி நிறையாமல் உள்ளே விடமாட்டார்கள். வண்டி நிறைய வேண்டுமென்றால் எல்லாத் தெருவும் சுற்றியாக வேண்டும்.

அப்போது மணி ஏழேகால். நாலு மணிக்குப் பட்டியல் இல்லையென்றால் லாரி கிளம்பிவிடும். நூற்று நாற்பத்து மூன்று வீட்டில் மழை நேராகத் தலையில் இறங்கும். அதற்குக் காரணம் புயல் இல்லை, நான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் யாரிடம் ரசீது வாங்குவது? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி, மூவாயிரம் நோட்டீஸின் மேல் உட்கார்ந்தாள்.

முதல் தெருவில் ஒரு வீட்டு வாசலில் குப்பை மலையாகக் குவிந்திருந்தது. வண்டி வழக்கம்போல மெதுவாகி, வழக்கம்போல நகரப் பார்த்தது.

"எடுங்க," என்றாள்.

"கயிறு இல்லையே மேடம்," என்றார் தொங்கல்.

"இன்னிக்கு ஒரு நாள் பரவால்ல, எடுங்க."

"எழுதிக் குடுங்க," என்றார் டிரைவர்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் கேட்டது அவள் பாஷை. ஒரு நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்க வெள்ளையில் "கட்டாத குப்பையையும் இன்று எடுக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். டிரைவர் அதை வாங்கிக் கண்ணாடிக்கு மேலே செருகிக்கொண்டார். அப்புறம் இருவரும் வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, ஒரு வாரத்துப் பசி தீர்ந்ததுபோல இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு வீட்டிலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். "அடியே, வண்டி எடுக்குதுடி. உள்ளே ரசீதம்மா உக்காந்திருக்கு."

"வாங்கம்மா, வந்து பாருங்க," என்று அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்ப்பது பொறியாளர் வேலை என்று சொல்ல அம்மாளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுத்தமான நீல வானம் இருந்தது. மேஜையில் இரண்டு தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு குடை.

"வெயில்தானே அடிக்குது, குடை எதுக்குங்க?"

"மழை வந்தா எழுந்து போய் எடுக்க நேரம் இருக்காதும்மா. நேத்து சாப்பாட்டுல தண்ணி ஊத்தியே சாப்பிட்டோம்," என்று கிழவர் சிரித்தார். "ஆனா உப்பு கொறஞ்சிருச்சு."

இந்த வீட்டுக்கு அவள் எழுதியிருந்தது நினைவிருந்தது. பகுதியளவு. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி, "கூரையே இல்லை" என்று எழுதினாள். வீட்டு எண்ணையும் ஆட்களையும் எழுதினாள். எழுதிய பிறகுதான் மண்டையில் உறைத்தது: மனுதானே தொலைந்தது, வீடுகளும் ஆட்களும் இங்கேயேதான் இருக்கிறார்கள், தெருவுக்குத் தெரு வண்டி போகிறது, வெள்ளைக் காகிதம் மூவாயிரம் இருக்கிறது.

அதற்கப்புறம் கேட்பானேன். டிரைவர் நிறுத்த நிறுத்த, தொங்கல் அள்ள அள்ள, ரசீதம்மா இறங்கி எழுதிக்கொண்டே போனாள். பத்தொன்பது வருஷம் ஜன்னலில் முகத்தை மட்டும் பார்த்த ஜனங்களுக்குக் கால் இருப்பதை அன்றுதான் பார்த்தாள். அவர்களும் அவளுக்குக் கால் இருப்பதை அன்றுதான் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டீஸில் மனு, இன்னொன்றைக் கிழித்து ரசீது, மூன்றாவதைப் படிக்கவென்று கையில் திணித்துவிட்டு வந்தாள்.

நடுவில் ஒரு மாடிவீட்டு அம்மாள் வழிமறித்தாள். "எங்க மாடில யாரோ கறுப்பு டாங்கியைக் கொண்டாந்து போட்டுட்டாங்கன்னு குப்பைப் புகார் குடுத்தேனே, என்னாச்சு?"

"அதைத் தூக்க முடியாது. கயிறு கட்டினாலும் வாசல்ல இல்ல," என்றார் டிரைவர்.

ரசீதம்மா மொட்டைமாடிக்கு ஏறினாள். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று துணி காயப்போடும் இடத்தில் சொகுசாகப் படுத்திருந்தது. அப்படியே எட்டிப் பார்த்தால் பின்வீட்டு மொட்டைமாடி. அங்கே ஒருவர், குழாய் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், இடுப்பில் கைவைத்து நின்றார். தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை என்று சிவப்பு நோட்டில் மனு கொடுத்தவர் அவர். இரண்டு மனுவுக்கும் அவள் கையாலேயே ரசீது போட்டிருக்கிறாள்.

"உங்க டாங்கி என்ன கலருங்க?" என்று கத்தினாள்.

"கறுப்பு. ஏன்?"

"இங்க வந்து தூக்கிட்டுப் போங்க. ரெண்டு ரசீதும் செல்லாது," என்றாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு புகாரைத் தீர்த்துவைத்தது அதுதான் முதல் தடவை. இறங்கி வரும்போது படியில் அவளுக்குச் சிரிப்பு வந்து நிற்கவேயில்லை.

தன் வீட்டு வாசலையும் கடந்தாள். கணவர் குண்டூசி வாயோடு எட்டிப் பார்த்தார். பேச நேரமில்லை; ஜன்னல் வழியாக ஒரு நோட்டீஸை நீட்டிவிட்டுப் போய்விட்டாள். உப்பு விஷயத்துக்குக் கடைசியில் பதில் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்ட அவர், படிக்காமலே பழைய சீட்டுக்குப் பக்கத்தில் மரியாதையாகக் குத்திவைத்தார்.

இரண்டரை மணிக்கு வண்டி நிறைந்தது. மடியில் நூற்று ஐம்பது மனு சேர்ந்திருந்தது. ஜன்னலுக்கே வராத வீடுகளும் ஏழு இருந்திருக்கின்றன. கிடங்குக்குப் போகிற மண்பாதையில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார், ஆனால் நிறுத்தவில்லை. பாதையோரம் ஒரு வீடு. கூரை இருந்த இடத்தில் குப்பைச் சாக்குகளைக் கிழித்து, ஒன்றோடொன்று தைத்துப் போர்த்தியிருந்தது. நடுவில் தொய்ந்து, மழைத்தண்ணீர் ஒரு குளமாகத் தேங்கி நின்றது. ஒரு பெண் உள்ளேயிருந்து கழியால் அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது யார் வீடு?"

டிரைவர் கியரை மாற்றினார். பின்னாலிருந்து தொங்கல்தான் சொன்னார்: "அண்ணன் வீடுதான் மேடம். அண்ணிதான் அது."

"நிறுத்துங்க," என்றாள். "ஏன் நீங்க மனு குடுக்கல?"

டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி சொன்னார்: "ஜன்னல் பத்துக்குத் தொறக்குது, அஞ்சுக்கு மூடுது. நான் ஆறுக்கு ஏறினா ஆறுக்கு இறங்குவேன்." அப்புறம் சேர்த்துச் சொன்னார்: "அதோட உங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும் மேடம். என் மேல இருபத்தேழு மெமோ வந்திருக்கு. எல்லாம் முத்து முத்தா எழுதியிருக்கும். அந்த ஜன்னல்ல வந்து நின்னு என்னத்தச் சொல்றது?"

ரசீதம்மாவுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. இருபத்தேழையும் அவள்தான் எழுதினாள், இவரை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தாள். ஒரு நோட்டீஸைத் திருப்பி மனு எழுதினாள். அன்று எழுதியதிலேயே நீளமான மனு அதுதான். சாக்குத் தையல், குளம், கழி எல்லாம் எழுதினாள்.

மடியில் வைத்துக்கொண்டு, "போலாம் டிரைவர்," என்றாள்.

வண்டி நகரவில்லை. "எல்லாருக்கும் ரசீது குடுத்தீங்க," என்றார்.

அவள் கிழித்துக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார், நாலாக மடித்தார், சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார்.

கிடங்கில் மூட்டை கிடைத்தது. செங்கல் போலக் கெட்டியாக, நீலக் கயிறு அவிழாமல் இருந்தது. பிரிக்கப் பார்த்தால் நோட்டு எது, மனு எது என்று தெரியவில்லை. பரவாயில்லை என்று அதையும் எடுத்துக்கொண்டாள்.

நாலுக்கு எட்டு நிமிஷம் இருந்தபோது பொறியாளர் மேஜையில் குப்பை நாற்றத்தோடு நூற்று ஐம்பத்தொரு நோட்டீஸ் வந்து விழுந்தது. வெளியே லாரிக்காரர் எஞ்சினைப் போட்டுவிட்டார். பொறியாளர் ஒரு பக்கம் திருப்பினார், நீலக் கயிறு கட்டச் சொன்னது. மறுபக்கம் திருப்பினார், கூரையே இல்லை என்றது.

"என்னம்மா இது?"

"மனு சார். எல்லாம் நானே போய்ப் பாத்தது."

இந்த வாக்கியத்தை அந்த அலுவலகத்தில் அவர் கேட்டதே இல்லை. முத்திரை குத்த ஆரம்பித்தார். கடைசிக் காகிதத்தில் கை நின்றது. "இவர் நம்ம டிரைவர் ஆச்சே. ஆபீஸ் ஆளுக்கே குடுத்தா நாளைக்கு என்னைக் கேள்வி கேட்பாங்கம்மா. முறையா மனு குடுத்தாருன்னு என்ன அத்தாட்சி? நீங்களா பாவம் பாத்து எழுதலைன்னு எப்படி நம்பறது?"

ரசீதம்மா காகிதச் செங்கலைப் பார்த்தாள். அடிக்கட்டைகள் செங்கலுக்குள் இருந்தன. அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் உள்ளே வந்தார். சட்டைப்பைப் பொத்தானை அவிழ்த்தார். நாலாக மடித்ததைப் பிரித்து, மேஜையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தரம் நீவிவிட்டார்.

"பத்திரமா வச்சிருக்கேன் சார்," என்றார்.

பொறியாளர் படித்துவிட்டு முத்திரை குத்தினார். பத்தொன்பது வருஷத்தில் அவள் கொடுத்த ரசீதுகளில் ஒன்று முதல்முதலாக எதற்கோ பயன்பட்டது. ரசீதம்மா ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காத மாதிரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்றம் தாங்கவில்லை, உடனே எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. யார் தட்டிலும் விழவில்லை.

மறுநாள் முதல் ஜன்னல் காலை ஐந்தரை மணிக்கே திறந்தது. மனுக்களுக்குப் பாரமாக அந்தக் காகிதச் செங்கல் மேஜையில் உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் கழித்து ஒருநாள் முதல் ஆளாக டிரைவர் வந்து நின்றார்.

"தார்ப்பாய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு." யோசித்தார். "ஒரு புகார் இருக்கு மேடம். ஊர் முழுக்க இடது பக்கம், நீலக் கயிறு. ஒரே ஒரு வீட்டுல மட்டும் வலது பக்கம், கயிறே இல்ல."

"யார் வீடு? சொல்லுங்க, எழுதறேன்," என்று பச்சை நோட்டைத் திறந்தாள்.

"வாசல்ல ஒரு தையல்காரர் இருக்காரு. கேட்டா, வாயில ஊசி வச்சுக்கிட்டு, என் மனுவுக்குப் பதில் வந்தாச்சுன்றாரு."

அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தன் விலாசத்தை முத்து முத்தாக எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினாள்.